முப்பது என்று நீங்கள் அச்சடித்த இடம்

சேர்,

போட்டோக்கொப்பி மெசினிலிருந்து அப்போதுதான் இறங்கிய தாளுக்கு ஒரு மணம் உண்டு. சூடும் மையும் கலந்த மணம். பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் இன்று காலை அந்த மணத்துக்குள் நின்றபோது உங்கள் நினைவு வந்தது. வராமல் என்ன செய்யும்? மெசின் துப்பிக்கொண்டிருந்தது உங்கள் புத்தகத்தின் நிலத்தடி நீர் அத்தியாயத்தைத்தான்.

கடையில் நின்ற பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். "ரீச்சர், முழுசா அடிச்சு பைண்ட் பண்ணித் தரட்டோ? இப்ப எல்லாரும் அப்பிடித்தான் கேக்கினம்."

"வேண்டாம் பிள்ளை. இந்த ஒரு அத்தியாயம் போதும். என்ரை வகுப்புப் பிள்ளையளுக்குத்தான்."

"முழுசா அடிச்சா ஆர் கேக்கப்போகினம்? இதை எழுதின சேர் செத்துப்போனாரெல்லோ."

நீங்கள் செத்ததால் ஒன்றும் மாறவில்லை என்று அவளுக்கு விளங்கப்படுத்தினேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகும் எழுபது வருஷத்துக்கு அந்தப் புத்தகம் உங்கள் பிள்ளைகளுடையது. முழுவதையும் அடித்துக் கட்டுவது களவு. ஒரு பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை மட்டும், எழுதியவரின் பெயரைப் போட்டு, காசு வாங்காமல் வகுப்பில் கொடுப்பது களவு இல்லை. அந்தப் பிள்ளைக்கு இது தாள் அடுக்கி முடிவதற்குள் விளங்கிவிட்டது. உங்களுக்குச் சாகும்வரை விளங்கவில்லை. விளங்காத மாதிரி நடித்தீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

செத்தவர்களைப் பற்றி நல்லதைத்தான் கதைக்க வேண்டும் என்பார்கள். உங்களைப் பற்றி நல்லதைக் கதைக்க ஊர் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலி கட்டித் தொங்கவிட்டார்கள். நான் எழுதுவது சண்டை பிடிக்க. உயிரோடு இருந்தபோது பிடித்திருக்க வேண்டிய சண்டை. ஆனால் அப்போது எனக்கு முழு விஷயமும் தெரியாது.

நீங்களும் நானும் ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியர் அறையில் எதிரெதிர்க் கதிரையில் இருந்து புவியியல் படிப்பித்தவர்கள். யுத்த காலம். கடதாசி வராது, மண்ணெண்ணெய் வராது, புத்தகம் எப்படி வரும்? கொழும்பிலிருந்து வந்த யாரோ பயணப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் நமக்குக் கிடைத்தது. நீங்கள் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்ல, நான் ஸ்டென்சில் தாளில் எழுதுவேன். பிறகு பிரதி எடுக்கும் ரோணியோ மெசினின் பிடியை மாறி மாறிச் சுற்றுவோம். கை, மூக்கு, சீலைத் தலைப்பு எல்லாம் கறுப்பு மை. ஒருநாள் நான் பகிடியாகக் கேட்டேன், இந்த வெள்ளைக்காரனைக் கேட்காமல் அவன் புத்தகத்தை உரிக்கிறோமே என்று.

"பிள்ளையளுக்குப் படிப்பிக்கத்தானே ரீச்சர். கேட்டால் அந்த மனுசனே ஓம் எண்டுதான் சொல்லுவான்" என்றீர்கள்.

எவ்வளவு நல்ல வார்த்தை! பல வருஷம் அதை நான் உங்கள் பெயரோடு சேர்த்து மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தேன்.

யுத்தம் முடிந்தது. நீங்கள் வேலையை விட்டு ரியூசன் தொடங்கினீர்கள். தகரக் கொட்டகை, பிள்ளைகள் இருக்க வாங்குகள், ஒலிபெருக்கி, வெளியே மதில் நீளத்துக்குச் சைக்கிள்கள். பிறகு உங்கள் புத்தகம் வந்தது. அதைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன், நல்ல புத்தகம். உயர்தரப் பிள்ளைகளுக்கு அதுவரை கிடைத்ததெல்லாம் எங்கேயோ இருக்கிற மலையும் ஆறும்தான். நீங்கள் எங்கள் காலடியை வரைந்தீர்கள். எங்களுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதற்குள் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே நாற்பது அடி நன்னீர் அதைத் தாங்கி நிற்கும். மேலே ஓர் அடியை இறைத்துத் தள்ளினால் கீழே நாற்பது அடியை உப்பு பிடித்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளை எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. அந்தப் படத்தை உங்கள் கையாலேயே கீறியிருந்தீர்கள், துலாக்கிணறும் வாழைத் தோட்டமும் வைத்து.

முதல் பதிப்பு முடிந்ததும் நீங்கள் மறுபடி அச்சடிக்கவில்லை. புத்தகம் இல்லாவிட்டால் பிள்ளைகள் உங்கள் கொட்டகைக்கு வந்தே ஆகவேண்டும். என் வகுப்பில் இருந்தவர்கள் கடற்கரைப் பிள்ளைகள். பின்னேரம் ரியூசனுக்கு அனுப்ப வழியில்லாத வீடுகள். நான் காசு கொடுத்து வாங்கிய என் புத்தகத்திலிருந்து அந்த ஒரு அத்தியாயத்தைப் பாடசாலை மெசினில் பிரதி எடுத்தேன். முதல் தாளின் தலைப்பில் உங்கள் பெயர், புத்தகத்தின் பெயர் எல்லாம் வடிவாக எழுதினேன்.

பாடத்துக்கு ஆயத்தம் செய்தபோதுதான் கண்டேன். படத்தில் நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பது. பக்கத்தில் இருந்த விளக்கத்திலும் முப்பது. முதல்முறை வாசித்தபோது படத்தின் வடிவில் மயங்கி எண்ணைக் கவனிக்கவில்லை போலும். அச்சகக்காரன் செய்த வேலை என்று நினைத்தேன். இவ்வளவு பாடுபட்ட மனுசனுக்கு இப்படிச் செய்துவிட்டானே என்று உங்களுக்காகக் கவலைப்பட்டேன், சேர். அந்தக் கவலையைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாத் தாளிலும் பேனையால் திருத்திப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்னேரம் உங்கள் கொட்டகைக்கு வந்தேன். வகுப்புத் தொடங்கவில்லை. நீங்கள் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"சேர், ஒரு சின்ன விஷயம். நிலத்தடி நீர்ப் படத்திலை நாப்பது எண்டு வரவேண்டியது முப்பது எண்டு விழுந்திருக்கு. அடுத்த பதிப்பிலை திருத்திவிடுங்கோ. நான் பிள்ளையளுக்குக் குடுத்த கொப்பியிலை பேனையாலை திருத்திப்போட்டன்."

நாற்பதைப் பற்றியோ முப்பதைப் பற்றியோ நீங்கள் ஒரு சொல் சொல்லவில்லை. துடைப்பதை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தீர்கள்.

"கொப்பியோ? என்ன கொப்பி?"

"அந்த அத்தியாயம் மட்டும் சேர். உங்கடை பேர் போட்டுத்தான்."

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?"

பகிடி விடுகிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். "படிப்பிக்கத்தானே சேர். கேட்டிருந்தால் நீங்களே ஓம் எண்டுதான் சொல்லியிருப்பியள்."

"அது அந்தக் காலம் ரீச்சர். இது என்ரை உழைப்பு" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டீர்கள்.

அடுத்த கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. உங்கள் முறைப்பாட்டில் 'திருட்டு' என்ற சொல்லே இருந்தது. ரோணியோ பிடியைச் சேர்ந்து சுற்றிய கை எழுதிய சொல். விசாரித்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு அம்மா. என்னை இருக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகு கேட்டார்.

"ரீச்சர், பிரதி எடுத்தது உண்மையோ?"

"ஓம்."

"காசு வாங்கினனீங்களோ?"

"இல்லை."

"அவரின்ரை பேர் போட்டதோ?"

"முதல் தாளிலேயே போட்டனான். பாருங்கோ."

பார்த்தார். மேசையில் கிடந்த சட்டப் புத்தகத்தைத் திறந்து எனக்குக் காட்டினார். "படிப்பிக்கிற தேவைக்கு நியாயமான அளவு எடுக்கலாம் எண்டு இதிலையே கிடக்கு. உங்களிலை பிழையில்லை." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "ஆனா சேர் பெரிய ஆள். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்தா விஷயம் இதோடை முடிஞ்சிடும்."

"பிழையில்லை எண்டா என்னத்துக்கம்மா மன்னிப்பு?"

நான் எழுதவில்லை. விசாரணை அப்படியே கிடப்பில் போயிற்று. ஆனால் எங்கள் அதிபர் பயந்துபோனார். பாடசாலைப் போட்டோக்கொப்பி மெசினுக்கு ஒரு பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்தி, புத்தகம் எதுவும் பிரதி எடுக்கப்படாது என்று எழுதி ஒட்டிவிட்டார். வரலாற்று ரீச்சருக்கும் இல்லை, விஞ்ஞான ஆசிரியருக்கும் இல்லை. பிணத்துக்குப் போர்த்திய மாதிரி அது மூலையில் கிடந்தது. பிள்ளைகள் வரைபடத்தையும் அட்டவணையையும் கரும்பலகையைப் பார்த்துக் கீறுவார்கள். கீறி முடிய மணி அடித்துவிடும். படிப்பிக்க நேரம் இருக்காது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். நெருப்பு வைத்தது நீங்கள். வெந்தது என் வகுப்பு.

எல்லாரிடமும் இந்தக் கண்டிப்போடு இருந்திருந்தால் உங்களைப் பிடிவாதக்காரன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அடுத்த ஒழுங்கையில் இருந்த மற்ற ரியூசன் நிலையம் என்ன செய்தது? உங்கள் புத்தகத்தை அட்டை முதல் கடைசிப் பக்கம்வரை அடித்து, உங்கள் பெயரை எடுத்துவிட்டு, தங்கள் ஆசிரியரின் பெயரைப் போட்டு, 'ரியூட்', அதாவது வகுப்புக் குறிப்பு, என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு விற்றது. களவு என்றால் அதுதான் களவு. ஊரே அறிந்த களவு. அந்த நிலையத்தை நடத்தியவர் உங்கள் மனைவி வழிச் சொந்தம். கோயிலில் உங்களைக் கண்ட இடத்தில் நான் நேராகவே கேட்டேன்.

"உது வேறை கதை ரீச்சர்" என்றீர்கள். சாமி வெளியே வருகிறது என்று போய்விட்டீர்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

என் அக்காவின் மகள், என் பெறாமகள், அந்த மற்ற நிலையத்தில்தான் படித்தாள். வீட்டுக்குக் கிட்ட என்று அக்கா சேர்த்துவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை. படித்ததைப் படித்தபடி ஒப்புவிப்பாள். அவளுடைய ரியூட்டை ஒருநாளாவது வாங்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சோதனையில் நிலத்தடி நீர்க் கேள்வி வந்தது. முப்பது என்று எழுதி, முப்பதை வைத்தே கணக்குச் செய்து, படத்திலும் முப்பது என்று குறித்துவிட்டு வந்தாள். மண்டபத்தை விட்டு வந்து என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள், தனக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி அதுதான் என்று. நான் முகத்தை வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போயிற்று. அந்த ஒரு கேள்வியால்தான் போனது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவள் அப்படித்தான் நம்புகிறாள். அச்சகக்காரனின் கவனமின்மை, திருடனின் சோம்பல், என் பிள்ளையின் தலைவிதி என்று நானும் மனத்தை ஆற்றிக்கொண்டேன்.

போன ஆடியில் நீங்கள் செத்தீர்கள். செத்தவீட்டுக்கு வந்தேன். முப்பத்தோராம் நாளுக்கும் வந்தேன், ஒரு காலத்தில் எதிர்க் கதிரையில் இருந்தவர் என்ற மரியாதைக்கு. சாப்பாட்டுப் பந்தலில் உங்கள் பழைய மாணவர் ஒருவர், இப்போது ஏதோ கந்தோரில் பெரிய பதவியில் இருப்பவர், உங்கள் பெருமையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"சேரின்ரை மூளை ஆருக்கும் வராது. புத்தகத்திலை வேணுமெண்டே அங்கை இஞ்சை பிழை விட்டவர். ஆர் கொப்பியடிச்சாலும் பிழையை வைச்சுப் பிடிக்கலாமெல்லோ! எங்களுக்கு வகுப்பிலை வாயாலை சொல்லித்தருவார்: 'தம்பியவை, முப்பதை வெட்டிப்போட்டு நாப்பது எண்டு எழுதுங்கோ.' கள்ளன் கண்டானோ!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாழையிலையை மடித்துவிட்டு எழும்பினேன்.

வேண்டுமென்றே. அச்சகக்காரன் பாவம். நான் உங்கள் முன்னால் வந்து நின்று முப்பது என்று சொன்னபோது உங்கள் கண் ஏன் எண்ணைப் பார்க்காமல் என்னைப் பார்த்தது என்று அப்போதுதான் விளங்கியது. பொறி வைத்தீர்கள். கள்ளன் அதை மிதித்துக்கொண்டே உங்கள் வீட்டு விருந்துக்கு வந்துபோனான். அகப்பட்டவள் நான், பிழை இருக்கிறது என்று சொல்ல வந்தவள்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று, சேர். திருடின ஆசிரியரா சோதனை எழுதுகிறார்? பிள்ளையல்லவா எழுதுகிறது? காசு கொடுத்து உங்கள் புத்தகத்தை நேர்மையாக வாங்கி, ஆனால் உங்கள் கொட்டகைக்கு வராமல் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் இருந்து படித்த பிள்ளைகளுக்கு யார் வாயால் திருத்திச் சொன்னது? இதெல்லாம் உங்களுக்குத் தோன்றாமல் இருக்க நீங்கள் மடையன் இல்லை. தோன்றியும் விட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயர் திருட்டுப் போகக்கூடாது என்பதற்காகப் பிள்ளைகளுக்கு நஞ்சு வைத்தீர்கள். இதற்கு மெதுவான வார்த்தை என்னிடம் இல்லை.

பெறாமகளிடம் சொல்லலாமா விடலாமா என்று யோசித்துக் கடைசியில் சொன்னேன். "அப்ப நான் பிழையாப் படிக்கேல்லை, சின்னம்மா. எனக்குப் பிழையைத்தான் தந்திருக்கினம்" என்றாள். பிறகு அழுதாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு அந்த அழுகை தேவையாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கனடாவிலிருந்து வந்து நிற்கும் உங்கள் மகள், ஆண்டுத் திவசத்துக்கு உங்கள் புத்தகத்தை மறுபடி அச்சடித்து வடக்கு முழுவதும் பாடசாலைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப் போகிறாளாம். என்னிடம் ஒரு முன்னுரை கேட்டு வந்தாள். நல்ல பிள்ளை, உங்கள் நெற்றி. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பிள்ளை, அச்சடியுங்கோ. ஆனா பிழையளைத் திருத்திப்போட்டு அச்சடியுங்கோ. திருத்திச் சொல்ல அப்பா இப்ப இல்லை."

"அப்பா ஏன் அன்ரி பிழை விடப்போறார்? உங்களுக்கும் அவருக்கும் பழைய கோவம் எண்டு அம்மா சொன்னவ. அப்பான்ரை ஒரு எழுத்திலையும் கை வைக்க விடமாட்டன்."

உரிமை அவளுடையது. சட்டம் எனக்கு எவ்வளவு இடம் தந்ததோ அவ்வளவு இடம் அவளுக்கும் தந்திருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பிழைகளைத் தெரிந்திருந்த ஒரே வாயை நாங்கள் எரித்துவிட்டோம். இனி அந்தப் புத்தகம் வாயில்லாமல் ஒவ்வொரு பாடசாலைக்கும் போகப்போகிறது. முப்பது என்று எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்யப்போகிறார்கள்?

ஆகையால் நான் வேறு வேலை பார்த்தேன். உங்கள் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக மற்ற நூல்களோடு ஒப்பிட்டேன். மழை அதிகம் பெய்யும் மாதம் ஒன்று மாறியிருந்தது. இரண்டு நீரோட்டங்கள் இடம் மாறியிருந்தன. ஒரு பாறையின் வயது பிழை. கண்டதையெல்லாம் ஒரு தாளில் என் சொந்தச் சொல்லில் எழுதியிருக்கிறேன்: இந்தப் பக்கம், இந்த இடம், சரியானது இது. அதற்கு உங்கள் மகளின் அனுமதி வேண்டாம். நாற்பது என்பது உங்களுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை. தெரிந்த ஆசிரியர்கள் எல்லாருக்கும் அந்தத் தாள் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு வரியில் மட்டும் நிற்கிறேன். கரையோரக் கிணறுகளைப் பற்றிய பக்கத்தில் நீங்கள் எழுதியது: மாரியின் முதல் பெருமழைக்குப் பிறகு சில கிணறுகளில் தண்ணீர் முதலில் கூடுதலாக உவர்க்கும், சில நாட்களுக்குப் பின்னரே நன்னீராகும். மழை பெய்தால் உப்புக் கூடுமா? வேறு எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. இன்னொரு பொறி என்று வெட்டப் போனேன். அப்போதுதான் நினைவு வந்தது. மழைக் காலத்தில் நீங்கள் சைக்கிள் கரியரில் வெறும் போத்தல்களைக் கட்டிக்கொண்டு, தொப்பலாக நனைந்து பாடசாலைக்கு வருவீர்கள். "சேர், காலங்காத்தாலை சாராயமோ?" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். "கிணத்துத் தண்ணி ரீச்சர், குடிச்சுப் பாருங்கோ, ஒரு புதினம் சொல்லுறன்" என்று நீட்டுவீர்கள். நாங்கள் ஒருவரும் குடித்துப் பார்க்கவில்லை.

போன மாரியில் முதல் மழை விட்டதும் கரையோரமாகப் போய்ப் பார்த்தேன். அந்தக் கிணறுகள் இப்போது அந்தக் கிணறுகள் இல்லை. பாதிக்கு மேல் மூடிவிட்டார்கள், மற்றதில் மோட்டர் இரவும் பகலும் இறைக்கிறது, எல்லாம் எப்போதும் உவர்தான். பார்த்துச் சொல்ல வழியில்லை. மேற்பரப்பு மண்ணில் படிந்த உப்பை முதல் மழை கழுவிக் கீழே இறக்கும் என்று யோசித்தால் சரியாகவும் இருக்கலாம். கள்ளனைப் பிடிக்க வைத்ததாகவும் இருக்கலாம். கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: அச்சில் எந்த எண்ணைக் கண்டாலும் கை பென்சிலைத் தேடுகிறது. இன்று காலை எடுத்த பிரதிகளைக் கொடுத்தபோது, முன் வாங்கில் இருக்கும் கடற்கரைப் பிள்ளை ஒருத்தி அந்த வரியில் விரலை வைத்துக் கேட்டாள்.

"ரீச்சர், இது உண்மையோ?"

"தெரியேல்லை பிள்ளை. அதை விட்டிட்டு அடுத்ததை வாசியுங்கோ."

அவள் அடுத்ததை வாசித்தாள். அது உண்மையென்றால், சேர், அந்தப் புத்தகம் முழுவதிலும் வேறு ஒருவரிடமும் எடுக்காமல் நீங்களாகவே கண்டுபிடித்த வரி அது ஒன்றுதான். அதை நான் படிப்பிப்பதில்லை.